படம் பக்திப்படமாகத்தான் இருக்க வேண்டுமா? பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவையின் துணைத்தலைவர், செயலர், அன்பியப் பொறுப்பாளர்கள் மற்றும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். இயேசுவுக்குப் புகழ்.

வருகிற மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, ஆலய வளாகத்தில் உள்ள சமூகக்கூடத்தில் சுயாதீனக் குறும்படங்களைத் திரையிட்டு அவற்றைப் பற்றிப் பேசுவதற்கு நம் பங்கு இளைஞர்கள் அனுமதி கேட்டிருந்தார்கள். அந்த விண்ணப்பத்தின்மீது பேரவை எடுத்திருக்கும் முடிவைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன். மின்கட்டணம் மட்டும் செலுத்தினால் போதும், கூடத்தை வாடகையின்றித் தருகிறோம் என்று நீங்கள் சொல்லியிருப்பது பெருந்தன்மை; அதற்கு என் நன்றி. ஆனால் அனுமதியோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்து வந்திருக்கிறது. விவிலியம், புனிதர் வரலாறு, குடும்பச் செபம், நல்லொழுக்கம் ஆகியவற்றைச் சொல்லும் படங்களை மட்டுமே திரையிட வேண்டும் என்றும், பட்டியலில் உள்ள எட்டுப் படங்களில் ஐந்து இதற்குப் பொருந்தவில்லை என்றும், அவற்றை நீக்கிப் பக்திப்படங்களைச் சேர்த்துப் புதிய பட்டியல் தர வேண்டும் என்றும் செயலரின் கடிதம் சொல்கிறது. இந்த ஒரு நிபந்தனையைக் கைவிடும்படி கேட்பதே என் நோக்கம்.

படத்தொகுப்பு என் தொழில். இந்தப் பங்கில்தான் திருமுழுக்குப் பெற்றேன், முதல் நன்மை வாங்கினேன். விண்ணப்பித்த இளைஞர்களில் எவரும் எனக்கு உறவில்லை. பட்டியலில் நான் வேலை செய்த படம் எதுவும் இல்லை. பேரவைக்குத் தனியாக எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், கூடம் பங்கு மக்கள் அனைவரின் காணிக்கையில் எழுந்தது என்பதுதான். அதில் எது நடக்கலாம், எது நடக்கக்கூடாது என்ற பேச்சும் அனைவரின் காதுக்கும் போக வேண்டும்.

நீக்கப்பட்ட ஐந்து படங்களையும் இளைஞர்களிடம் கேட்டு வாங்கி முழுதாகப் பார்த்தேன். பேரவை கதைச்சுருக்கங்களை வைத்தே முடிவெடுத்ததாக அறிகிறேன். ஒரு படம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்த பிறகு, வலையையும் படகையும் துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோன ஒரு மீனவக் குடும்பத்தின் ஒரு நாள். இன்னொன்றில், மதுக்கடை வாசலில் தந்தைக்காகக் காத்திருக்கும் சிறுவன், கையில் உள்ள பள்ளிப் பாடத்தைத் தெருவிளக்கில் எழுதி முடிக்கிறான். மூன்றாவதில், பிள்ளைகள் எல்லோரும் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்துவிட்ட ஓர் ஆங்கிலோ இந்தியப் பாட்டி, பக்கத்து வீட்டு இஸ்லாமியப் பெண்ணுக்குக் கேக் செய்யக் கற்றுத் தருகிறார். நான்காவது, வெவ்வேறு மதத்தைச் சேர்ந்த இருவரின் காதலைச் சொல்வது. ஐந்தாவது, ஒரே திருமுழுக்குத் தொட்டியில் நீர் ஊற்றப்பட்ட இருவர் இறந்தபின் கல்லறைத் தோட்டத்தின் வெவ்வேறு மூலைகளுக்குக் கொண்டு செல்லப்படுவதைப் பதினோரு நிமிடங்களில் காட்டுவது.

இவற்றுள் எல்லாமே சிறந்த படங்கள் என்று நான் வாதாட வரவில்லை. காதல் படம் சுமார்தான். பின்னணி இசை தொடக்கம் முதல் இறுதிவரை அழுதுகொண்டே இருக்கிறது, நடிப்பவர்களுக்கு அழ இடமே இல்லை. எண்ணூர்ப் படத்தில் ஒலிப்பதிவு சரியில்லை. காற்றின் இரைச்சலில் பாதி வசனம் போய்விடுகிறது. ஆனால் பாட்டியின் படத்தை எடுத்த பெண், ஒரு முகத்தின்மேல் எவ்வளவு நேரம் நின்றால் போதும் என்பதை நன்கு அறிந்தவர். இத்தனை ஆண்டுகள் வெட்டியும் ஒட்டியும் பழகிய எனக்கு அந்தப் பொறுமையைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. இந்தத் தரத்தில் குறைகளைச் சுட்டி இது வேண்டாம், அது வேண்டும் என்று பேரவை சொல்லியிருந்தால் நான் இம்மடலை எழுதியிருக்க மாட்டேன். பக்தி இல்லை என்பதே குறையாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

கதைச்சுருக்கத்தை வைத்து ஒரு கதையை அளப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரமே போதும். வேலை பறிபோகப் போகிறது என்று தெரிந்த ஒரு கணக்குப்பிள்ளை, முதலாளியின் கடன்காரர்களை ஒவ்வொருவராக அழைத்து, நூறு குடம் எண்ணெய் என்று இருந்த சீட்டை ஐம்பது என்றும், நூறு மூடை கோதுமையை எண்பது என்றும் மாற்றி எழுதச் சொல்கிறார். செய்தி அறிந்த முதலாளி அவரது முன்மதியைப் பாராட்டுகிறார். இப்படி இரண்டு வரியில் எழுதி, ஆசிரியர் பெயர் இல்லாமல் விண்ணப்பத்தோடு இணைத்திருந்தால், நம் பேரவை இதை நல்லொழுக்கப் பட்டியலில் சேர்த்திருக்குமா? கடவுளுக்கு அஞ்சாத நடுவர், பன்றித் தீவனத்துக்கு ஏங்கிய இளைய மகன், எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவரைக் கண்டும் விலகிப்போன குரு என, உவமைகளில் வருபவர்கள் பெரும்பாலும் தெருவில் நாம் காண்கிற மனிதர்கள். அவற்றுள் பலவற்றில் கடவுளின் பெயர்கூட வருவதில்லை. சொன்னவர் யார் என்று அறிந்திருப்பதால்தான் அவை நமக்குப் பக்திக் கதைகளாகத் தெரிகின்றன.

கூட்டத்தில் ஒருவர், திருத்தந்தை 11ஆம் பயஸ் 1936 ஜூன் 29 அன்று திரைப்படம் குறித்து எழுதிய சுற்றுமடலைக் குறிப்பிட்டு, தீய படங்களிலிருந்து மக்களைக் காப்பது திருச்சபையின் கடமை என்று சொன்னதாக அறிந்தேன். அவர் சொன்னது சரிதான். அந்தச் சுற்றுமடல் எச்சரிக்கை மிகுந்தது; படங்களை மதிப்பிட்டுச் சொல்ல நாடுதோறும் அலுவலகம் வேண்டும் என்று ஆயர்களைக் கேட்டுக்கொண்டது. ஆயினும் திருச்சபையின் சிந்தனை அங்கேயே நின்றுவிடவில்லை. 1963 டிசம்பர் 4 அன்று, திருவழிபாடு பற்றிய ஏடு வெளியான அதே நாளில், சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றிய ஏட்டையும் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்டது. அதன் ஏழாம் எண், தீமையை எடுத்துரைப்பதும் சித்தரிப்பதும்கூட மனிதரை இன்னும் ஆழமாக அறிந்துகொள்ளவும் உண்மையும் நன்மையும் துலங்கவும் உதவக்கூடும் என்று ஒப்புக்கொள்கிறது. அது ஒழுக்க நெறிக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பதையும், தீய உணர்ச்சிகளைத் தூண்டக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. மதுக்கடை வாசலில் நிற்கும் சிறுவனின் படம் இந்த வரம்புக்குள் அடங்குமா என்று என்னைக் கேட்டால், அடங்கும் என்று தயங்காமல் சொல்வேன். அந்தப் படத்தில் ஒரு கோப்பைகூடக் காட்டப்படவில்லை.

படம் எடுத்தவர்களுள் சிலர் கிறிஸ்தவர்கள் இல்லை, ஒருவர் கடவுள் நம்பிக்கையே இல்லாதவர் என்பதும் சில உறுப்பினர்களுக்குத் தடையாக இருந்திருக்கிறது. இத்தாலியில் பியர் பாவ்லோ பசோலினி என்ற கவிஞர் ஒருவர் இருந்தார். மார்க்சியர், தம்மை நாத்திகர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். அரச சமயத்தை இழிவுபடுத்தியதாக 1963இல் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவர். அவரே மறு ஆண்டில் மத்தேயு நற்செய்தியின் சொற்களை வைத்து, தொழில்முறை நடிகர்கள் அல்லாத எளிய மக்களை நடிக்கவைத்து ஒரு படம் எடுத்தார். அதைத் திருத்தந்தை 23ஆம் யோவானின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். வெனிஸ் விழாவில் அனைத்துலகக் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பின் விருது அதற்குக் கிடைத்தது. சினிமா பிறந்து நூறாண்டு ஆனதை ஒட்டி 1995இல் வத்திக்கான் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலிலும் அது இடம்பெற்றது. எடுத்தவரின் நம்பிக்கையைச் சோதித்து, பிறகு படத்தைப் பார்ப்பது என்ற முறையை உரோமையே வைத்துக்கொள்ளவில்லை. நம் நாட்டிலும், கொல்கத்தாவில் இயேசு சபைக் குரு கஸ்தோன் ரோபெர்ஜ் 1970இல் தொடங்கிய சித்ரபாணி, திரைக்கலை கற்க வந்தவர்களுக்கு மத வேறுபாடின்றிக் கதவைத் திறந்து வைத்திருந்தது.

இனிக் கல்லறைத் தோட்டப் படத்துக்கு வருகிறேன். ஐந்து படங்கள் நீக்கப்பட்டதற்கு உண்மையான காரணம் அந்த ஒரு படம்தான் என்று பங்கில் பலரும் பேசிக்கொள்கிறார்கள். மற்ற நான்கும் அதற்குத் துணையாகப் போய்விட்டன. நம் பங்கில் அப்படிப்பட்ட சாதிப் பிரிவினை இல்லாதபோது ஏன் இதைக் காட்டிக் கிளற வேண்டும் என்று கேட்கிறீர்கள். நம் பங்கில் இல்லை என்பது எனக்கும் மகிழ்ச்சியே. அப்படியானால் அந்தப் படத்தைப் பார்க்க நமக்கு என்ன அச்சம்? தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பி, ஒருபுறம் இவர்கள், மறுபுறம் அவர்கள் என்று அடக்கம் செய்த வரலாறு ஊரறிந்தது. 2003 நவம்பர் 17 அன்று தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களுக்கிடையே சாதி முற்சாய்வின் சாயல் இருந்தாலும் அது உண்மையான மானிட ஒருமைப்பாட்டுக்கு எதிர்ச்சாட்சி என்றும், நற்செய்திப் பணிக்குப் பெருந்தடை என்றும் அவர்களிடமே நேரடியாகச் சொன்னார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, சாதிப் பாகுபாட்டைக் கொடிய சமூகப் பாவம் என்றே குறிப்பிடுகிறது. ஆயர்கள் ஏட்டில் எழுதியதை ஓர் இளைஞன் படமாக எடுத்திருக்கிறான். அது நல்லொழுக்கத்தில் சேராது என்று ஒரு பங்குப் பேரவை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தப் படம் யாரையும் இழிவாகக் காட்டவில்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். குருவானவர் ஒருவர் வருகிறார். இரண்டு அடக்கத்திலும் ஒரே செபத்தைச் சொல்கிறார். இரண்டாவது முறை சொல்லும்போது அவர் குரல் தடுமாறுகிறது. குருவை இவ்வளவு பரிவோடு காட்டிய காட்சியைப் பெருஞ்செலவில் எடுக்கப்படும் படங்களில் காண்பது அரிது. அங்கே பாதிரியார் என்றால் அங்கியும் சிலுவையும் வேடிக்கையான தமிழும்தான்.

திரைக்கும் நம் வளாகத்துக்கும் புதிதாக உறவு ஏற்படுத்துவதாக யாரும் எண்ண வேண்டாம். கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் இரயில்வேயில் பணியாற்றியபோது, 1905இல் துய்ப்பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அந்தச் சுருள்களில் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படமும் இருந்தது. கூடாரத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டிய அவர், 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கைக் கட்டினார். தமிழ் மண்ணில் சலனப்படத்தைப் பரப்பிய முன்னோடிகளுள் ஒருவர் நம்மைப் போன்ற ஒரு கிறிஸ்தவர். அதற்கும் முன்பே ஆலய முற்றங்களில் வாசகப்பா நாடகங்களும், இயேசுவின் பாடுகளை நடித்துக்காட்டும் பாஸ்குவும் இரவு முழுதும் நடந்தன. அந்த மேடைகளில் ஏரோதுக்கும் யூதாசுக்கும் நீண்ட வசனங்கள் உண்டு. சொல்லப்போனால், யூதாசாக யார் நடிக்கப் போகிறார்கள் என்பதில்தான் ஊருக்கு ஆர்வம் அதிகம். பக்திக்குரிய பாத்திரங்கள் மட்டுமே மேடை ஏறலாம் என்று நம் முன்னோர் விதி வைத்திருந்தால் பாஸ்கு அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் இளைஞர்களின் பக்கம் இல்லை. கூடத்துக்குப் பதிலாக ஆலயத்துக்குள்ளேயே திரை கட்டலாம், கூட்டம் அதிகமாக வரும் என்று அவர்களில் சிலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. திருச்சபைச் சட்டம் 1210, புனித இடத்தில் வழிபாட்டுக்கும் பக்திக்கும் சமயத்துக்கும் உதவுபவை மட்டுமே அனுமதிக்கப்பட வேண்டும் என்கிறது. பிறவற்றை ஆயர் தனித்தனியாக அனுமதிக்கலாம், அவையும் இடத்தின் புனிதத்துக்கு முரணாக இருக்கக்கூடாது. ஆலயங்களில் இசைநிகழ்ச்சிகள் நடத்துவது குறித்து வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயம் 1987 நவம்பரில் எழுதிய கடிதமும், நற்கருணையை இயன்றவரை பக்கச் சிற்றாலயத்துக்கோ வேறு தகுந்த இடத்துக்கோ மாற்ற வேண்டும், பீடப்பகுதியில் கலைஞர்கள் நிற்கக்கூடாது, நுழைவுக் கட்டணம் கூடாது என்று வரையறுக்கிறது. இத்தனை ஏற்பாட்டையும் செய்து நிழலாடும் திரையைப் பீடத்தின் முன் கட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. தொழில் சார்ந்த காரணமும் உண்டு: உயர்ந்த கூரையும் கல்தரையும் கொண்ட ஆலயத்தில் பாடகர் குழுவின் குரல் அழகாக நீளும், ஆனால் அதே எதிரொலி வசனத்தை விழுங்கிவிடும். கூடமே சரியான இடம்.

இங்கேதான் பேரவையின் நிபந்தனையில் உள்ள சிக்கல் எனக்குப் புலப்பட்டது. வழிபாடு, பக்தி, சமயம் என்ற அளவுகோல் புனிதப்படுத்தப்பட்ட இடத்துக்கு உரியது. அதை நீங்கள் சமூகக்கூடத்துக்கும் நீட்டியிருக்கிறீர்கள். கூடம் புனிதப்படுத்தப்பட்ட இடமன்று. அங்கே தையல் வகுப்பும் கண் பரிசோதனை முகாமும் நடக்கின்றன, திருமண வரவேற்புகளும் நடக்கின்றன. அந்த வரவேற்புகளில் ஒலிக்கும் திரைப்பாடல்களின் வரிகளை எந்தக் குழுவும் முன்கூட்டிக் கேட்டுத் தேர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் நம் வீட்டுக் கல்யாணங்கள் பலவும் இசையின்றித்தான் முடிந்திருக்கும். ஒலிபெருக்கியில் வரும் எதற்கும் இல்லாத தணிக்கை, நம் பிள்ளைகள் தம் சொந்தச் செலவில் எடுத்த படத்துக்கு மட்டும் ஏன்?

எனினும் 1987 கடிதத்தில் உள்ள சில நல்ல வழக்கங்களைக் கூடத்துக்கும் நாமாகவே எடுத்துக்கொள்ளலாம். நாள், நேரம், நிகழ்ச்சிநிரல் ஆகியவற்றை எழுத்தில் தருவது, நுழைவு இலவசம் என்று அறிவிப்பது, செலவுக்கும் சேதத்துக்கும் இடத்தைத் துப்புரவாகத் திருப்பித் தருவதற்கும் அமைப்பாளர்கள் எழுத்தில் பொறுப்பேற்பது ஆகியவை அந்தக் கடிதம் கேட்பவை. இளைஞர்கள் இவற்றுக்கு உடன்படுவார்கள் என்று அவர்களிடம் பேசியபின்பே எழுதுகிறேன்.

இந்தப் படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டாமா என்ற உங்கள் கேள்வி நியாயமானது. அதை மழுப்ப விரும்பவில்லை. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி, பொதுமக்களுக்குக் காட்டப்படும் படத்துக்குச் சான்றிதழ் வேண்டும். குறும்படம் என்பதால் விலக்கு இல்லை. இயக்குநர் கே. ஏ. அப்பாஸ் நான்கு நகரங்களைப் பற்றி எடுத்த பதினாறு நிமிடப் படத்துக்காகத்தான் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1970இல் வந்த தீர்ப்பு முன்தணிக்கை செல்லும் என்றது. அதே தீர்ப்பில் தலைமை நீதிபதி இதயத்துல்லா, வாழ்வையும் சமூகத்தையும் அவற்றின் நிறைகளோடும் குறைகளோடும் கலைஞர்கள் எடுத்துக்காட்டப் பரந்த வெளி விடப்பட வேண்டும் என்றும் எழுதினார். எட்டுப் படங்களுள் சான்றிதழ் இல்லாதவற்றை எடுத்தவர்கள் இப்போதே விண்ணப்பிக்கட்டும். மே மாதத்துக்குள் கிடைக்காத படம் இந்த ஆண்டு இடம்பெறாது. சான்றிதழின் இன்னொரு பயன், வயது பற்றிய கவலையையும் அது தீர்க்கிறது: 2023 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர் வழிகாட்டுதலுக்குரிய படங்கள் ஏழு, பதின்மூன்று, பதினாறு வயது என்று பிரிக்கப்படுகின்றன. மறைக்கல்விச் சிறுவர்கள் எதைப் பார்க்கலாம் என்பதற்குப் பேரவை புதிய அளவுகோல் தேட வேண்டியதில்லை. பெரியவர்களுக்கான படங்களைக் கடைசியில் வைத்து, இடையில் சுண்டலும் தேநீரும் கொடுத்துச் சிறுவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

யூடியூபில் போட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டுமே, கூடம் எதற்கு என்று ஓர் உறுப்பினர் கேட்டாராம். கைப்பேசியில் தனியே பார்ப்பவர் பிடிக்காத நொடியில் விரலால் தள்ளிவிட்டுப் போகிறார். படத்தை எடுத்தவருக்குத் தெரிவதெல்லாம் ஓர் எண்ணிக்கை. இருட்டில் நூறு பேர் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போது எங்கே சிரித்தார்கள், எங்கே நாற்காலி கிறீச்சிட்டது, எங்கே இருமல் நின்றது என்பதைக் கேட்டுத்தான் ஒரு படைப்பாளி கற்கிறார். 2009இல் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' என்ற குறும்படப் போட்டி வந்ததிலிருந்து, குறும்படம் என்பது கோடம்பாக்கத்தின் கதவைத் தட்டுவதற்கான முகவரிச் சீட்டாகவே பலருக்கும் ஆகிவிட்டது. அதில் தவறில்லை, நல்ல இயக்குநர்கள் பலர் அவ்வழியே வந்தார்கள். ஆனால் நம் தெருவைப் பற்றிய படத்தை நம் தெருவே முதலில் பார்க்க வேண்டும் என்று கேட்கும் இளைஞர்கள் வேறு ஏதோ தேடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மதுரையில் 'மறுபக்கம்' அமைப்பினர் 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்தி வருகிறார்கள். சென்னையில் இத்தகைய திரையிடல்களுக்குப் பெயர் பெற்ற மேக்ஸ் முல்லர் பவன் என்ற ஜெர்மன் பண்பாட்டு மையமும் அலையான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சுப் பண்பாட்டு மையமும் நுங்கம்பாக்கத்தில் இருக்கின்றன. வடசென்னையில் வேலை முடித்து வீடு திரும்பும் ஒருவர் அங்கே போய்ப் படம் பார்த்துத் திரும்புவது நடக்கிற காரியமில்லை. தண்டையார்பேட்டையின் அகஸ்தியா அரங்கும் 2020இல் மூடப்பட்டுவிட்டது. நம் பகுதியில் நூறு பேர் அமர்ந்து கட்டணமின்றி ஒன்றைப் பார்க்கத்தக்க கூடங்கள் என்றால், பெரும்பாலும் ஆலயங்களிடமும் பள்ளிகளிடமும்தான் இருக்கின்றன.

மே மாதத்தை இளைஞர்கள் தேர்ந்ததிலும் யோசனை இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் விருப்பப்படி 1967 முதல் கொண்டாடப்படும் உலகச் சமூகத் தொடர்பு நாள், ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழா ஞாயிறன்று வருகிறது. அதற்கு முந்தைய சனிக்கிழமை மாலையைத்தான் கேட்கிறார்கள். அன்று பங்கில் வேறு நிகழ்ச்சி ஏதும் திட்டமிடப்படவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக்கிடக்கும், ஆண்களும் வீட்டில் இருப்பார்கள். பள்ளி விடுமுறை. மாலைத் திருப்பலியும் மரியன்னையின் வணக்கமாதச் செபமாலையும் முடிந்தபின் ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிக்கலாம். செபமாலை முடியும்வரை ஒலிச் சோதனைகூட நடக்கக்கூடாது என்பதில் நான் உங்களோடு நிற்கிறேன். அந்த வேலையை மதியமே முடித்துவிட வேண்டும். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி வேண்டும், இல்லையென்றால் சாலை விளக்கு திரையை வெளிறச் செய்யும். திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து நான்கு அடிக்கு மேல் இருக்கட்டும். இல்லையேல் முன்வரிசைத் தலைகள் வசனவரிகளை மறைக்கும். பெரிய ஒலிபெருக்கி ஒன்றை மேடையில் வைத்து அலறவிடுவதைவிடச் சிறியவை நான்கைப் பக்கவாட்டில் வைத்தால் மின்விசிறி இரைச்சலிலும் பேச்சு புரியும். இவற்றை நான் கவனித்துக்கொள்கிறேன். பங்கு நிதியிலிருந்து ஒரு ரூபாயும் கேட்கவில்லை.

தேர்வு எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு என் யோசனை இது: பேரவையிலிருந்து இருவர், இளைஞர்களிடமிருந்து இருவர், மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர் என ஐவர் கூடி, விண்ணப்பித்த எல்லாப் படங்களையும் முதலிலிருந்து முடிவுவரை பார்க்கட்டும். படம் யாரையாவது வெறுக்கச் சொல்கிறதா, வன்முறையையோ ஆபாசத்தையோ ரசிக்க வைக்கிறதா, நடித்தவர்களின் ஒப்புதலோடு எடுக்கப்பட்டதா என்று கேட்கட்டும். நன்றாக எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கேட்கட்டும். பக்திப்படம்தானா என்ற கேள்வி மட்டும் வேண்டாம். பெரும்பான்மை முடிவை இளைஞர்கள் ஏற்பார்கள். எனக்குப் பிடித்த பாட்டியின் படத்தையே அந்த ஐவர் வேண்டாம் என்று சொன்னாலும் நான் மறுபடி மடல் எழுத மாட்டேன்.

திரையிடலுக்குப் பின் கலந்துரையாடல் வேண்டாம் என்று கடிதத்தின் இறுதியில் ஒரு வரி இருந்தது. வாக்குவாதமாகிவிடும் என்ற அச்சம் புரிகிறது. ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் பேசாமல், எல்லாம் முடிந்தபின் அரைமணி நேரம் மட்டும், பங்குத்தந்தையோ அவர் குறிப்பிடும் ஒருவரோ நெறிப்படுத்த நடக்கட்டும்.

அடுத்த பேரவைக் கூட்டம் மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் என்று அறிகிறேன். அன்றைய நிகழ்ச்சிநிரலில் இதைச் சேர்த்து, நிபந்தனையை மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன். விண்ணப்பித்த இளைஞர்களில் இருவரையும் அன்று கூட்டத்துக்கு அழையுங்கள். தங்கள் படங்களைப் பற்றி அவர்களே பேசட்டும். ஐவர் குழு அமைந்தால் அது எட்டுப் படங்களையும் பார்த்துப் பேசி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். திரையும் கருவியும் கொண்டுவந்து கூடத்தில் போட்டுக்காட்ட நான் தயாராக இருக்கிறேன். எந்த மாலை வசதி என்பதைச் செயலர் வழியாகத் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
பங்கு மக்களில் ஒருவர்,
வடசென்னை